புயல் அடித்த ஊருக்குப் போய்வந்தால் மனசு மாறுமா?

ஊர்சுற்றி:
புயல், வெள்ளம் வந்த ஊருக்கு ஒருமுறையாவது போய் வேலை செய்துவிட்டு வர வேண்டும் என்பது என் கட்சி. 2018 நவம்பரில் கஜா அடித்ததும் கோவையிலிருந்து அரிசி, தார்ப்பாய், மெழுகுவத்தி ஏற்றிக்கொண்டு நண்பர்களோடு பட்டுக்கோட்டைப் பக்கம் போனேன். நாலு பேருக்கு வேலை கொடுத்த தென்னை விவசாயிகள் வாசலில் நின்று வண்டியையே பார்த்தார்கள். கிட்டே வந்து வாங்கக் கை வரவில்லை. ஒரு பெரியவரிடம் தார்ப்பாயை நீட்டினேன். "அந்தக் குடிசைக்குக் கொடுங்க தம்பி" என்றார். அவர் வீட்டுக் கூரையில் பாதி ஓடுகளைக் காணோம். யாருக்கு உதவி தேவை என்று நான் போட்டு வைத்திருந்த கணக்கெல்லாம் அங்கேயே கலைந்தது.

கணக்குப்பிள்ளை:
சரி, உங்கள் மனசு மாறியது. அவருக்கு என்ன மாறியது? நிவாரண வண்டிகள் மெயின் ரோட்டிலேயே காலியாகின்றன, உள்ளே இருக்கும் கிராமங்களுக்கு எதுவும் வருவதில்லை என்று அப்போதே புலம்பினார்கள். 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் பக்கம் பழைய துணி ரோட்டோரம் குவியல் குவியலாகக் கிடந்தது. அனுப்பியவர்கள் எல்லாரும் நல்ல மனசுக்காரர்கள்தான். வண்டி வாடகையையும் டீசல் காசையும் அந்த ஊர்க்காரர்களுக்கே அனுப்பியிருந்தால் என்ன குறைந்திருக்கும்? செல்ஃபிதான்.

ஊர்சுற்றி:
கரண்டே இல்லாத ஊரில் போனுக்குச் சார்ஜ் ஏது, செல்ஃபிக்கு எங்கே போக? காசு அனுப்பலாம், மறுக்கவில்லை. என்ன தேவை என்று யாராவது போய்ப் பார்க்க வேண்டாமா?

தென்னந்தோப்பு:
பேராவூரணிக்காரன் சொல்கிறேன், இரண்டு பேரும் கேளுங்கள். எங்கள் தெருவில் அரிசிக்குப் பஞ்சமில்லை. கம்பமெல்லாம் சாய்ந்து மோட்டார் ஓடாததால் தண்ணீருக்குத்தான் திண்டாட்டம். ஜெனரேட்டரை வண்டியில் ஏற்றிவந்து வீடு வீடாக டேங்க் நிரப்பிக் கொடுத்தவர்கள்தான் எங்களுக்குச் சாமி. வெளி மாவட்டத்திலிருந்து வந்த மின்வாரிய ஆட்களை மறக்கவே முடியாது. சேற்று வயலில் கம்பத்தைத் தோளில் தூக்கிப் போனார்கள். அப்புறம் மரம். ஒரு தென்னைக்கு 600 ரூபாயும், அதை வெட்டி அகற்ற 500 ரூபாயும் அரசு கொடுத்தது. ஆனால் வெட்ட ஆள் வேண்டுமே! எல்லாத் தோப்பும் ஒரே நாளில் விழுந்தால் ஆளுக்கு எங்கே போவது? அறுக்கும் மிஷினோடு வந்தவர்கள் சில பேர்தான், பிஸ்கட் பாக்கெட்டோடு வந்தவர்கள் ஏராளம்.

கணக்குப்பிள்ளை:
நான் சொன்னதும் அதுதானே. வேலை தெரிந்தவர் போகட்டும். நமக்கு ஞானம் வர அடுத்தவன் கூரை பறக்க வேண்டுமா?

ஊர்சுற்றி:
2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டி, தாமிரபரணிக் கரையெல்லாம் மூழ்கியதே, அப்போது நாங்கள் முதலில் விசாரித்தோம். சாப்பாடு வருகிறது, ஏரல் பக்கம் கடைகளில் சேறு அள்ளத்தான் ஆளில்லை என்றார்கள். மண்வெட்டியோடு போனோம். கஜாவைப் பார்க்காமல் இருந்திருந்தால் மறுபடி அரிசி மூட்டைதான் ஏற்றியிருப்பேன்.

கணக்குப்பிள்ளை:
உங்களை ஒத்துக்கொள்கிறேன். உங்களோடு கஜாவுக்கு வந்தவர்களில் எத்தனை பேர் ஏரலுக்கும் வந்தார்கள்?

ஊர்சுற்றி:
பாதிகூட இல்லை. வராதவர்கள் மனசு மாறவில்லை என்று அதை வைத்துச் சொல்ல முடியாது.

தென்னந்தோப்பு:
யார் மனசு மாறியதோ, எனக்குத் தெரியாது. அன்றைக்கு வந்த திருப்பூர்ப் பையன்கள் சிலர் இப்போதும் போன் பண்ணி, வைத்த கன்று காய்க்கிறதா என்று கேட்கிறார்கள். காய்க்கிறது தம்பிகளா, இப்போது வெள்ளை ஈதான் பிரச்சினை. அதற்கு மருந்து தெரிந்தவர் யாராவது இருந்தால் வரச் சொல்லுங்கள்.