புதுப்பிப்பு: எல்எஸ்400, க்யூ45, லெஜெண்ட் – கடைசியில் எதை வாங்கினேன்

அமெரிக்காவில் தொண்ணூறுகளின் லெக்ஸஸ் எல்எஸ்400, இன்ஃபினிட்டி க்யூ45, அக்யூரா லெஜெண்ட் ஆகிய மூன்று பழைய சொகுசுக் கார்களில் எதை வாங்கலாம் என்று போன மாதம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

1997 எல்எஸ்400 வாங்கிவிட்டேன். "மைலைப் பார்க்காதீங்க, டைமிங் பெல்ட் மாத்தின ரசீதைக் கேளுங்க" என்ற யோசனைதான் கைகொடுத்தது. இன்ஜின் வால்வுகளைச் சரியான நேரத்தில் திறந்து மூட வைப்பதுதான் டைமிங் பெல்ட்; இந்தக் காரில் 90,000 மைலுக்கு ஒருமுறை அதை மாற்ற வேண்டும். இன்ஜினைக் குளிர்விக்கும் தண்ணீர் பம்பையும் அதே பெல்ட்தான் ஓட்டுகிறது, அதனால் இரண்டையும் சேர்த்து மாற்றுவதே சரி. முதலில் பார்த்த கார் குறைவாகத்தான் ஓடியிருந்தது, ஆனால் ரசீது இல்லை, விட்டுவிட்டேன். வாங்கியது 1,48,000 மைல் ஓடியது, இரண்டு வேலைக்கும் ரசீது இருந்தது.

க்யூ45-இல் பெல்ட் கிடையாது, செயின். ஆனால் ஆரம்ப வருடக் கார்களில் செயினைத் தாங்கும் பிளாஸ்டிக் கைடுகள் தேய்ந்து உடையும். லெஜெண்ட் ஓட்ட அருமை. எனக்கென்னவோ எல்எஸ்400-இன் வி8 (எட்டு சிலிண்டர்) இன்ஜினின் அமைதிதான் பிடித்தது.

எதிர்பாராதது டயர். மேலே உள்ள வரிப்பள்ளம் தேயாமல் நன்றாக இருந்தது, ஆனால் பக்கவாட்டில் 1412 என்ற எண். அதாவது 2012-ஆம் வருடம் 14-ஆவது வாரத்தில் செய்தது. அவ்வளவு பழைய டயர் என்பதால் நான்கையும் மாற்றினேன். விலை பேசும் முன்பே அந்த எண்ணைப் பாருங்கள்.