ஒலி வருகிறது, படம் வரவில்லை: பழைய டிவியைச் சரிசெய்வதா, மாற்றுவதா?

கேள்வி

வணக்கம். எங்கள் வீட்டு எல்.இ.டி. டிவி ஏழு ஆண்டுகளாக எந்தத் தொல்லையும் தராமல் ஓடியது. இப்போது இரண்டு வாரங்களாக, சுவிட்சைப் போட்டதும் ஒரு கணம் படம் தெரிந்து, உடனே திரை முழுவதும் இருண்டுவிடுகிறது. ஒலி மட்டும் தடையின்றிக் கேட்கிறது, ரிமோட்டை அழுத்தினால் சேனலும் மாறுகிறது. வந்து பார்த்த மெக்கானிக் பின்மூடியைக்கூடக் கழற்றாமல், படம் காட்டும் பேனல் போய்விட்டது, மாற்றும் செலவுக்குப் புதிதே வாங்கிவிடலாம் என்று சொல்லிவிட்டுச் சென்றார். அது போதாதென்று, வாஷிங் மெஷினும் தண்ணீரை வெளியேற்றாமல் பாதியில் நின்றுவிட்டது. பழுதுச் செலவு புதியதன் விலையில் பாதியைத் தாண்டினால் மாற்றிவிட வேண்டும் என்று பலரும் சொல்கிறார்கள். இத்தனை நாள் உழைத்த பொருள்களை அந்த ஒரு கணக்கை மட்டும் வைத்துத் தூக்கிப்போட மனம் வரவில்லை. நீங்கள் எப்படி முடிவு செய்கிறீர்கள்?

மறுமொழி 1

முதலில் ஒரு சோதனை செய்து பாருங்கள். இரவில் அறை விளக்கை அணைத்துவிட்டு, டிவியை ஓடவிட்டு, திரைக்கு மிக அருகில் டார்ச்சைச் சற்றுச் சாய்வாகப் பிடியுங்கள். மங்கலாகவேனும் உருவங்கள் அசைவது தெரிந்தால், பேனல் படத்தை உருவாக்கிக்கொண்டுதான் இருக்கிறது. அதற்குப் பின்னாலிருந்து ஒளி தரும் பேக்லைட்டோ, அதற்கு மின்சாரம் தரும் பகுதியோதான் பழுதாகியிருக்கிறது என்று பொருள்.

இவ்வகை டிவியில் திரை தானாக ஒளிர்வதில்லை. பின்புறம் உள்ள பட்டைகளில் சிறு சிறு எல்.இ.டி.கள் தொடராக இணைக்கப்பட்டிருக்கும். அவற்றில் ஒன்றே ஒன்று அறுந்தாலும் அந்தத் தொடர் முழுவதும் அணைந்துவிடும், கோளாற்றை உணர்ந்த மின்சுற்று மற்றவற்றையும் நிறுத்திவிடும். நீங்கள் சொல்லும் 'ஒரு கணம் தெரிந்து மறைவது' பெரும்பாலும் இதன் அடையாளம். பட்டைகளின் விலை பேனலின் விலையோடு ஒப்பிடும் அளவில் இருக்காது. ஆனால் மாற்றும்போது எல்லாப் பட்டைகளையும் சேர்த்தே மாற்றச் சொல்லுங்கள், மீதமிருப்பவையும் அதே அளவு நேரம் எரிந்து தேய்ந்தவைதான். கண்ணாடித் தகட்டைத் தூக்குவதற்கு இருவர் வேண்டும். விளிம்பில் உள்ள மெல்லிய நாடா இணைப்புகளில் ஒன்று கிழிந்தாலும் அப்போது உண்மையாகவே பேனல் போய்விடும். எனவே இதை முன்பே செய்து பழகியவரிடம் மட்டும் கொடுங்கள். சரியான பிறகு, படத்திற்கான அமைப்புகளில் பேக்லைட் அளவைக் குறைத்து வைத்தால் வெப்பம் குறைந்து பட்டைகள் நெடுநாள் தாங்கும்.

டார்ச் வெளிச்சத்தில் எதுவுமே தெரியாவிட்டால், மின்சாரம் தரும் பவர் போர்டையும், படத்தையும் ஒலியையும் கையாளும் மெயின் போர்டையும் சோதிக்காமல் முடிவுக்கு வராதீர்கள். திரையில் விரிசலோ, எப்போதும் மாறாத நெடுங்கோடுகளோ இருந்தால் மட்டும் பேனலைச் சந்தேகிக்கலாம். அந்த நிலையில் நானும் செலவழிக்க மாட்டேன்.

மறுமொழி 2

பாதி விலைக் கணக்கு எனக்கும் உடன்பாடில்லை, ஏனெனில் எந்தப் பாகம் போனது, ஏன் போனது என்று அது கேட்பதே இல்லை. எங்கள் டிவியின் பவர் போர்டில் மின்னூட்டத்தைத் தேக்கிவைக்கும் சிறு பாகமான கெப்பாசிட்டர் ஒன்றின் தலை, தட்டையாக இருக்க வேண்டியது, சிறு குமிழாக மேலெழுந்து, அதன் மீதுள்ள பிளவுக்கோட்டில் பழுப்பு நிறப் பொருக்கு படிந்திருந்தது. அதை மாற்றியதும் டிவி ஓடியது. ஓராண்டிற்குள் அதே இடம் மறுபடியும் வீங்கியது. சுற்றுப்புற வெப்பம் 10 டிகிரி கூடினால் இவ்வகைக் கெப்பாசிட்டரின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகிவிடும் என்பதும், காற்றோட்டமில்லாத அலமாரிக்குள் டிவியை வைத்ததே காரணம் என்பதும் பிறகுதான் புரிந்தது.

வாஷிங் மெஷினைப் பொறுத்தவரை, முன்புறக் கதவுள்ளதாக இருந்தால், பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கீழ்ப்பகுதியில் உள்ள சிறு மூடிக்குள் இருக்கும் வடிகட்டியைத் திறந்து பாருங்கள். நாணயம், பொத்தான், கொண்டை ஊசி போன்றவை அங்கே சிக்குவது வழக்கம். துணி பிழியும்போது பேரிரைச்சல் வருமானால், டிரம் சுழலத் துணைநிற்கும் பேரிங் தேய்ந்திருக்கலாம். பல மாடல்களில் தொட்டி ஒட்டி மூடப்பட்டிருப்பதால் பேரிங்கை மட்டும் மாற்ற இயலாது. அங்கே புதியதை யோசிப்பதில் தவறில்லை.

மறுமொழி 3

மேலே சொன்னவற்றை ஏற்கிறேன், ஆனால் பழையதை எப்படியாவது காப்பாற்றியே தீருவது என்ற பிடிவாதமும் வேண்டாம். எங்கள் பழைய குளிர்சாதனப் பெட்டியில் கசிவு எங்கே என்று பார்க்காமலேயே மூன்று முறை கேஸ் நிரப்பிப் பணத்தை வீணாக்கினோம். நாள் முழுவதும் ஓடும் கருவி என்பதால் மின்கட்டணத்தையும் கணக்கில் சேர்த்திருக்க வேண்டும்.

இன்னொன்றை வலியுறுத்திச் சொல்ல விரும்புகிறேன்: மைக்ரோவேவ் அடுப்பை நீங்களாகத் திறக்கவே கூடாது. அதிலுள்ள உயர் மின்னழுத்தக் கெப்பாசிட்டர் 2000 வோல்ட் அளவில் மின்னூட்டம் பெறுவது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உயிரைப் பறிக்கும் அளவுக்கு மின்சாரத்தைத் தேக்கி வைத்திருக்கக்கூடும். உப்பிய லித்தியம் பேட்டரியையும் அழுத்தவோ, துளைக்கவோ, மீண்டும் சார்ஜ் செய்யவோ வேண்டாம்.

மாற்றத்தான் வேண்டும் என்றால், பழையதை மறுசுழற்சி செய்வோரிடம் ஒப்படையுங்கள். ஐக்கிய நாடுகள் அவையின் கணக்குப்படி 2022இல் உலகில் உருவான மின்னணுக் கழிவு 6.2 கோடி டன். அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்ததாகப் பதிவானது நான்கில் ஒரு பங்குகூட இல்லை. கொடுப்பதற்கு முன் ஸ்மார்ட் டிவியில் உள்ள உங்கள் கணக்குகளை நீக்க மறவாதீர்கள்.

கேட்டவர்

அனைவருக்கும் நன்றி. டார்ச் வெளிச்சத்தில் செய்தி வாசிப்பவரின் முகம் நிழல்போலத் தெரிந்தது. வேறொரு மெக்கானிக் திறந்து காட்டியபோது, ஒரு பட்டையில் மூன்றாவது எல்.இ.டி.யின் நடுவில் கடுகளவு கரும்புள்ளி இருந்தது. எல்லாப் பட்டைகளையும் மாற்றி, பேக்லைட்டைப் பாதிக்கும் கீழே வைத்திருக்கிறேன். வாஷிங் மெஷினின் வடிகட்டியில் குழந்தையின் காலுறை ஒன்று சுருண்டு கிடந்தது. எங்கள் டிவியும் மூடிய அலமாரிக்குள்தான் இருந்தது. அதன் பின்பலகையை நாளை கழற்றிவிடப் போகிறேன்.