மினோல்டா 7000: தொடுவானத்தில் மட்டும் ஃபோகஸ் விழவில்லை

கேள்வி

வணக்கம். பழைய மினோல்டா 7000 கேமரா ஒன்றை 50 மி.மீ. லென்ஸோடு அண்மையில் வாங்கினேன். பேட்டரிகள் நான்கும் புதியவை. ஆட்களை எடுக்கும்போது லென்ஸ் சட்டென்று நகர்ந்து வியூஃபைண்டரில் பச்சை விளக்கு எரிகிறது. ஆனால் கடலின் தொடுவானத்தையோ, இழுத்து மூடிய கடை ஷட்டரையோ நோக்கினால், லென்ஸ் இரு முனைகளுக்கும் ஓடிவிட்டு நின்றுவிடுகிறது. சிவப்பு விளக்குகள் மினுக்குகின்றன. பழுதுபார்ப்பவர் சென்சாரையே மாற்ற வேண்டும் என்கிறார். மாற்றத்தான் வேண்டுமா?

மறுமொழி 1

வேண்டாம், பணத்தைப் ஃபிலிமுக்குச் செலவிடுங்கள். நீங்கள் குறிப்பிட்ட இரண்டு காட்சிகளிலுமே கிடைக்கோடுகள்தான் இருக்கின்றன. 1985இல் வெளிவந்த இந்தக் கேமராவில் சட்டகத்தின் நடுவே ஒரேயொரு ஃபோகஸ் பகுதிதான் உண்டு. அதன் சென்சார் வரிசை கிடைமட்டமானது. லென்ஸின் இரு பக்கங்களின் வழியே வரும் ஒளியை இரண்டு சிறு பிம்பங்களாக்கி, அவை பக்கவாட்டில் ஒன்றுக்கொன்று எவ்வளவு விலகியிருக்கின்றன என்பதை அளந்துதான், மோட்டாரை எந்தத் திசையில் எவ்வளவு சுழற்றுவது என்று அது முடிவு செய்கிறது. மின்கம்பம், கதவு விளிம்பு போன்றவற்றில் அந்த விலகல் தெளிவாகத் தெரியும். தொடுவானக் கோடோ பக்கவாட்டில் எவ்வளவு நகர்ந்தாலும் ஒரே மாதிரியே இருக்கும். வெறும் வெள்ளைச் சுவரிலும் இதே தடுமாற்றம் வரும்.

கேமராவைச் செங்குத்தாகத் திருப்பி, பொத்தானைப் பாதி அழுத்திப் பச்சை விளக்கு வந்ததும், விரலை எடுக்காமல் மீண்டும் கிடைமட்டமாக்கி முழுவதும் அழுத்துங்கள்.

மறுமொழி 2

லென்ஸின் முன் போலரைசர் (பிரதிபலிப்பைக் குறைக்க மாட்டும் வடிகட்டி) இருந்தால் அதையும் கழற்றிப் பாருங்கள். கேமராவுக்குள் லென்ஸின் பின்னால் இருக்கும் பிரதிபலிப்புக் கண்ணாடி, ஒளியின் ஒரு பகுதியை ஊடுருவ விட்டுத்தான் கீழேயுள்ள சென்சாருக்கு அனுப்புகிறது என்பதால், பழைய லீனியர் வகை போலரைசர் அதைக் குழப்பிவிடும். சர்க்குலர் வகையில் இந்தத் தொல்லை இல்லை.

கேட்டவர்

இருவருக்கும் நன்றி. போலரைசர் இல்லை. கேமராவைத் திருப்பியதும் கடை ஷட்டரில் உடனே பச்சை விளக்கு எரிந்தது. ஆயினும் கடற்கரையில் ஒவ்வொரு முறையும் இப்படித் திருப்பிக்கொண்டிருப்பது சிரமமாக உள்ளது.

மறுமொழி 1

தொடுவானத்துக்கு ஆட்டோஃபோகஸே தேவையில்லை, ஐயா. லென்ஸ் பொருந்தும் இடத்துக்கு அருகிலுள்ள சுவிட்சை மேனுவலுக்கு மாற்றி, வளையத்தை முடிவிலிக் குறிக்குத் திருப்பிவிடுங்கள். ஆட்டோவில் இருக்கும்போது வளையத்தைக் கையால் வலிந்து திருப்பாதீர்கள். லென்ஸைச் சுழற்றும் மோட்டார் கேமராவின் உடலுக்குள் இருக்கிறது, இரண்டும் அப்போது ஒன்றோடொன்று கோர்த்திருக்கும். அந்த 50 மி.மீ. லென்ஸின் வளையம் மிக மெல்லியது என்பதால், விரல் நுனியால்தான் திருப்ப வேண்டியிருக்கும்.