பனிக்கு அடியில் கிடக்கும் எரிமலைக்கு வயசு எப்படிக் கணிக்கிறார்கள்?

பட்டர்வொர்த்_ஆசிரியர்
வணக்கம். ஆறாம் படிவ மாணவர்களுக்காக அண்டார்டிகா எரிமலைகள் பற்றிய பாடம் தயாராகிறது. மேற்கு அண்டார்டிகாவில் 138 எரிமலைகள், அதில் 91 புதிதாகக் கண்டவை என்று 2017-இல் வந்த ஆய்வு சொல்கிறது. தோண்டாமல் எப்படி எண்ணினார்கள்? எப்போது வெடித்தன என்பதை எதை வைத்துச் சொல்கிறார்கள்? இணையத்தில் தேடினால் "உறங்கும் அரக்கர்கள்" மாதிரித் தலைப்புகள்தான் கிடைக்கின்றன, வகுப்புக்கு உதவாது.

பாறைச்சுத்தியல், கோலாலம்பூர்
சார், முதலில் ஒரு திருத்தம். அந்த 138-உம் கூம்பு வடிவ மேடுகள். எல்லாம் உயிரோடு இருக்கும் எரிமலைகள் என்று ஆய்வு சொல்லவில்லை.

எண்ணியது ரேடார் அளவீட்டை வைத்து. பனிக்குள் ரேடியோ அலை மைக்ரோ விநாடிக்குச் சுமார் 168 மீட்டர் போகும். எதிரொலி 24 மைக்ரோ விநாடியில் திரும்பினால், போக வர என்பதால் பாதியாக்கி, தரை சுமார் 2 கி.மீ. ஆழத்தில் இருக்கிறது என்று கணக்கு. மேலே இன்னும் இறுகாத பனியில் அலை வேகமாக ஓடும், அதற்காகச் சுமார் 10 மீட்டர் கூட்ட வேண்டும். இப்படி வரைந்த தரைப்படத்தில், சுற்றுப்புறத்தைவிடக் குறைந்தது 100 மீட்டர் உயர்ந்து, நீளம் அகலத்தைப்போல் 1.5 மடங்கைத் தாண்டாத மேடுகளைப் பொறுக்கி, காந்த, ஈர்ப்பு அளவீடுகளோடு ஒப்பிட்டார்கள்.

கோளாறு எங்கே வரும்? விமானம் பறந்த கோடுகளுக்கு நடுவில் தரவே கிடையாது, கணினிதான் நிரப்புகிறது. அங்கே பொய்க் கூம்பும் முளைக்கலாம், உண்மையான கூம்பும் தொலையலாம்.

கண்ணாடிச்சில்லு, பினாங்கு
வயசுக்கு வருவோம். இரண்டு வழி.

ஒன்று, பனியிலேயே தேடுவது. வெடிப்பில் விழுந்த சாம்பலும் அமிலமும் ஆண்டு அடுக்குகளுக்குள் புதைந்துவிடும். மேற்கு அண்டார்டிகாவின் ஹட்சன் மலைகளில் பனிக்கடியில் நடந்த வெடிப்பின் சாம்பல் அடுக்கு ரேடாரிலேயே தெரிந்தது, வயது சுமார் 2,200 ஆண்டு. அங்கேயே உள்ள டக்காஹே எரிமலை சுமார் 17,700 ஆண்டுகளுக்கு முன் ஏறத்தாழ 192 ஆண்டுகள் விட்டுவிட்டுப் புகைந்ததும், துளையிட்டு எடுத்த பனித்தண்டில் பதிவாகியிருக்கிறது. உங்கள் பிள்ளைகளுக்கு லெங்கோங் தெரிந்திருக்கும்: அங்குள்ள கோத்தா தம்பான் தொல்லியல் களத்தில், சுமத்ராவின் தோபா எரிமலைச் சாம்பலை வைத்துக் காலம் குறிப்பதும் இதே தந்திரம்தான்.

இன்னொன்று, வெளியே தலைகாட்டும் பாறையில் ஆர்கான்-ஆர்கான் முறை. பொட்டாசியம்-40 சிதைந்து ஆர்கான்-40 ஆவதை அளப்பது. லாவாவின் பளபளப்பான கண்ணாடி ஓரத்தை எடுக்கவே கூடாது. திடீரென உறைந்ததால் வாயு உள்ளேயே சிக்கி, வயதைக் கூட்டிக் காட்டும். மேலும் அது நீரோடு சேர்ந்து மஞ்சள் கலந்த பழுப்பு நிறப் பலகோனைட்டாக மாறும்போது பொட்டாசியம் கழன்று போகும். நடுப்பகுதியில் மெதுவாக இறுகிய கல்லை உடைத்துச் சலித்து, அமிலத்தில் கழுவி, அணு உலையில் வைத்து, பிறகு படிப்படியாகச் சூடேற்ற வேண்டும். அண்டார்டிகாவின் எரிபஸ் எரிமலையில் 1984-இல் வெடித்து விழுந்த கட்டிகளின் படிகங்களே லட்சக்கணக்கான ஆண்டு வயது காட்டின. படிகத்துக்குள் சிக்கிய உருகலில் பழைய ஆர்கான் இருந்ததுதான் காரணம்.

வயசைவிட ருசியான விஷயம் ஒன்று உண்டு. ஒரு கன மீட்டர் பசால்ட் மாக்மா தன் சூட்டால் சுமார் 10 கன மீட்டர் பனியை உருக்க வல்லது. உருகிய நீர் பனிக்குள் குளமாகத் தேங்கும். செண்டோல் கிண்ணத்தில் சுடச்சுட குலா மெலாக்கா பாகை ஒரே இடத்தில் ஊற்றிப் பாருங்கள், குழி விழும், சுற்றுச் சுவர் நிற்கும். அந்தக் குளத்தின் அடியில் தலையணை லாவா (நீருக்குள் தலையணை போல உருண்டு உறைந்தது), அதற்கு மேல் நொறுங்கிய கண்ணாடிச் சில்லுகள். மேடு நீருக்கு மேலே வந்ததும் சாதாரண லாவா தட்டையாக ஓடிப் பரவும். சில்லு முடிந்து தட்டை லாவா தொடங்கும் கோடுதான் அன்றைய நீர்மட்டம். அப்போது பனி எவ்வளவு தடிமன் என்பதற்கு அதுவே அளவுகோல். அண்டார்டிகாவின் ஜேம்ஸ் ராஸ் தீவில் இந்த வகைப் பாறைகள் நிறைய.

பட்டர்வொர்த்_ஆசிரியர்
ரொம்ப நன்றி. ஒரு சந்தேகம்: லாவா கடலில் விழுந்தாலும் இதே கோடு வருமே?

கண்ணாடிச்சில்லு, பினாங்கு
வரும் சார், பலர் சறுக்குவது அங்கேதான். கடல் என்றால் கோடு நெடுந்தூரம் ஒரே மட்டத்தில் ஓடும், சில்லுகளுக்குள் கடற்சிப்பி இருக்கவும் வாய்ப்புண்டு. பனிக்குளம் திடீரென வடியும், மறுபடி நிரம்பும், அதனால் ஒரே மலையில் கோடு ஏறி இறங்கும்.

பாறைச்சுத்தியல், கோலாலம்பூர்
இன்னொன்று, நீர்மட்டத்தையே பனியின் உயரம் என்று எழுதிவிடாதீர்கள். நீர் பனித்தடிமனில் சுமார் 92 சதவீதத்தைத் தாண்டினால் பனியைத் தூக்கிக்கொண்டு அடியில் ஓடிவிடும். கோடு அடித்தளத்திலிருந்து 350 மீட்டரில் இருந்தால் பனி 380 மீட்டருக்குக் குறைவாக இருந்திருக்காது. அதற்கு மேல் எவ்வளவு என்பதை அந்தக் கோடு சொல்லாது.