பிக்டஸ் கெளுத்திக்கு வெள்ளைப் புள்ளி: மருந்து அளவு பற்றி உதவி வேண்டும்

வணக்கம் நண்பர்களே. என் நான்கடித் தொட்டியில் பிமெலோடஸ் பிக்டஸ் கெளுத்திகள் ஒரு கூட்டம் இருக்கின்றன. அமேசான், ஓரினோகோ ஆறுகளின் மீன். வெள்ளி உடம்பு, கறுப்புப் பொட்டு, வால் பக்கம் வரை நீளும் மீசை, அவ்வளவு அழகு. நேற்று பார்த்தால் இரண்டின் முதுகுத் துடுப்பிலும் மீசை அடியிலும் உப்பு தூவியதுபோல் வெள்ளைப் புள்ளிகள். மரக்கட்டையில் உடம்பை உரசிக்கொண்டே இருக்கின்றன.

கடையில் மாலகைட் கிரீன் மருந்து கொடுத்து, முழு அளவு ஊற்றச் சொன்னார்கள். எனக்கு அதுதான் பயம். இவற்றுக்குச் செதில் கிடையாது. மாலகைட் கிரீன், செம்பு மருந்தெல்லாம் சீக்கிரம் தாக்கிவிடும். இப்போதைக்கு ஹீட்டரை 26-லிருந்து மெல்ல மெல்ல 29 டிகிரிக்கு ஏற்றுகிறேன், காற்றும் கூட்டியிருக்கிறேன். ஆனால் உடம்பில் ஒட்டியிருக்கும் புள்ளியை மருந்து தொடாது, உதிர்ந்து தண்ணீரில் நீந்தும் கட்டத்தில்தான் இந்த வெள்ளைப் புள்ளி நோயைக் கொண்டுவரும் ஒட்டுண்ணி சாகும். அதனால் சூடு மட்டும் போதுமா என்று தெரியவில்லை.

பாதி அளவு மருந்தில் பிக்டஸைக் காப்பாற்றியவர்கள் யாராவது இருக்கிறீர்களா? எத்தனை நாள் போட்டீர்கள்? உப்பு தாங்குமா?

அப்புறம், தனித் தொட்டிக்கு மாற்றுவதானால் வலை போடவே முடியாது. பக்கத் துடுப்பு முள்ளில் ரம்பப் பல் இருப்பதால் சிக்கிக்கொள்ளும். டப்பாவில் அள்ளத்தான் வேண்டும், அதில் மீன் மிரண்டு இன்னும் சோர்ந்துவிடுமோ என்று தயங்குகிறேன். மாற்றாமல் இதே தொட்டியிலேயே வைத்தியம் பார்க்கலாமா? அனுபவப்பட்டவர்கள் இன்றே சொன்னால் பெரிய உதவி.