நாயனப் பதிவுக்கு 60,000 தருகிறார்கள், மொத்த உரிமையும் கேட்கிறார்கள். கொடுக்கலாமா?

சீவாளி, கும்பகோணம் பக்கம்

எல்லாருக்கும் வணக்கம். நான் நாயனம் (நாதஸ்வரம்) வாசிக்கிறவன், அப்பா வழித் தொழில். போன மாசியில் எங்க ஊர் பழைய சத்திரத்து முற்றத்தில் இரண்டு ராத்திரி உட்கார்ந்து ஒரு பதிவு செய்தோம். கம்பீர நாட்டை ராகத்தில் மல்லாரி (சாமி புறப்பாட்டுக்கு வாசிப்பது) என்று ஆரம்பித்து, தோடி ஆலாபனை, நாயனத்துக்கே உரிய ரக்தி, தவில் தனி, கடைசியில் தேவாரம் என்று ஒன்பது உருப்படி, 71 நிமிடம். இரண்டு நாயனம், இரண்டு தவில், ஒரு தாளம். ஸ்டுடியோ வேண்டாம் என்று நான்தான் பிடிவாதம் பிடித்தேன். பஞ்சு ஒட்டின அறையில் நாயனம் மூச்சுத் திணறுகிற மாதிரி கேட்கும். முற்றத்தில் ஊதினால் சத்தம் தூணில் பட்டுத் திரும்பி வரும், அதுதான் எங்க சத்தம். முதல் ராத்திரி பக்கத்து வயலில் பம்புசெட் ஓடி பாதி வீணானது. மொத்தச் செலவு 46,000, என் கைக்காசு.

இப்போது ஒரு ஆடியோ கம்பெனி 60,000 தருகிறேன் என்கிறது. நாலு பக்க ஒப்பந்தம். “உலகம் முழுவதும், எல்லா வடிவத்திலும், காலவரையின்றி” என்று போட்டிருக்கிறது. செலவு போக 14,000 மிஞ்சும். தவில்காரர் “முதல் வந்துடும்ல, வாங்கிடு” என்கிறார். நானே விற்றால் எங்கே விற்பது, கையில் என்ன நிற்கும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மெட்டுக்காரன், கோவை

கசப்பாகத்தான் இருக்கும் நண்பரே, ஆனாலும் சொல்கிறேன். நான் சொந்தமாகப் பாட்டு எழுதிப் பாடுகிறேன். ஸ்ட்ரீமிங்கில் ஏற்றிய ஆறு பாட்டுக்கு இரண்டு வருடத்தில் 11 டாலர் வந்தது. ஸ்பாட்டிஃபையில் 2024-லிருந்து, ஒரு பாட்டு 12 மாதத்தில் 1,000 தடவையாவது கேட்கப்படவில்லை என்றால் அதற்குக் காசே கிடையாது. ஒரு தடவைக்கு இவ்வளவு என்ற விலையும் இல்லை. மொத்த வசூலை ஒரே குவியலாக்கி, யார் எவ்வளவு கேட்கப்பட்டார்களோ அந்த விகிதத்தில் பிரிக்கிறார்கள். பெரிய சினிமாப் பாட்டுகளோடு நம் தோடி ஒரே குவியலில் நிற்கிறது. 60,000 ரொக்கமாக வருகிறதென்றால் நான் வாங்கிவிடுவேன்.

இடந்தலை, மயிலாடுதுறை

தம்பி, கையெழுத்துப் போட்டுடாதீங்க. காலையில் இதைப் படித்ததிலிருந்து மனசு அடங்கலை. நானும் தவில்காரன்தான்.

1994-ல் எனக்கு 27 வயசு. ஒரு கம்பெனி எங்க செட்டைக் கூப்பிட்டுக் கல்யாண மேளம் கேசட் போட்டது. ஒரே பகலில் இரண்டு பக்கமும் வாசித்து முடித்தோம். செட்டுக்கு 4,000 ரூபாய், மத்தியானச் சாப்பாடு, பஸ் சார்ஜ். ஒரு இங்கிலீஷ் தாளில் கையெழுத்து. எத்தனை கேசட் விற்றது என்று இன்று வரை யாரும் எனக்குச் சொன்னதில்லை. ஆனால் மேளம் வைக்காத கல்யாணங்களுக்குப் போனால், ஐயர் கையைத் தூக்கியதும் ஸ்பீக்கரில் வருகிற கெட்டிமேளம் என்னுடையது. வலது கையில் நான் போடுகிற ஒரு உருட்டு உண்டு, அதை வைத்துக் கண்டுபிடித்துவிடுவேன். மூணு வருஷம் முன்னால் என் மகள் அந்தக் கேசட்டிலிருந்து அஞ்சு நிமிஷத்தை யூடியூபில் ஏற்றினாள். மறுநாளே உரிமைக் கோரல் வந்து, விளம்பரக் காசு கம்பெனிக்கு என்று ஆனது.

அதற்கப்புறம்தான் பதிப்புரிமைச் சட்டத்தை ஒரு வக்கீல் நண்பரோடு உட்கார்ந்து வரி வரியாகப் படித்தேன். ஒப்பந்தத்தில் காலம் எழுதாவிட்டால் சட்டம் அதை அஞ்சு வருஷம் என்றுதான் எடுத்துக்கொள்ளும். எல்லை எழுதாவிட்டால் இந்தியா மட்டும். 19-ஆம் பிரிவு. உங்க தாளில் “உலகம் முழுவதும், காலவரையின்றி” என்று மெனக்கெட்டு எழுதியிருப்பது அதனால்தான். 2012-ல் வந்த திருத்தத்தில், எழுதிக் கொடுத்த காலத்தில் இல்லாத புது ஊடகத்துக்கு, பெயர் சொல்லிக் குறிப்பிடாத வரை, அந்த எழுத்து செல்லாது என்று சேர்த்தார்கள். நான் கையெழுத்துப் போட்டு 18 வருஷம் கழித்து!

மல்லாரி யாருக்கும் சொந்தமில்லை, அது பொது. ஆனால் அந்த முற்றத்தில் பதிந்த ஒலி சொந்தம். காசு போட்டு, பொறுப்பெடுத்துப் பதிவு செய்தது நீங்கள், அதனால் சட்டப்படி தயாரிப்பாளர் நீங்கள்தான். வெளியிட்டதிலிருந்து 60 வருஷம் அது உங்களுடையது. 60,000-ஐ 60-ஆல் வகுத்துப் பாருங்கள். வருஷத்துக்கு ஆயிரம். அஞ்சு பேர் வாசித்திருக்கிறீர்கள், ஆளுக்கு 200. நாயனத்தில் வைத்து ஊதுகிற சீவாளி ஒரு செட்டுக்குக்கூடக் காணாது.

இன்னொன்று, இதை நான் அழுத்திச் சொல்ல வேண்டும். கச்சேரி முடிந்ததும் நாம் என்ன செய்கிறோம்? அன்றைக்கே ஜமக்காளத்தில் உட்கார்ந்து, வெற்றிலைத் தட்டில் காசை வைத்து, நாயனத்துக்கு இவ்வளவு, தவிலுக்கு இவ்வளவு, தாளத்துக்கு இவ்வளவு என்று பங்கு பிரிக்கிறோம். யாரும் கடன் சொல்லிப் போவதில்லை. பதிவு என்றால் மட்டும் ஏன் அது மறந்துபோகிறது? உங்க 46,000-ஐ முதலில் எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் வருவதில் யாருக்கு எத்தனை பங்கு என்று ஒரு தாளில் எழுதி அஞ்சு பேரும் கையெழுத்துப் போடுங்கள். வாசித்தவனுக்கும் வணிகப் பயன்பாட்டில் ராயல்டி உண்டு என்று 2012 திருத்தமே சொல்கிறது. பதிவு செய்தவரிடமிருந்து மூலக் கோப்புகள் இருக்கிற ஹார்ட் டிஸ்கையும் கையில் வாங்கி வையுங்கள்.

விற்பனைக்கு வருகிறேன். 2021-ல் நாங்களே ஒரு மேளப் பதிவு போட்டோம். முதல் வழி பேண்ட்கேம்ப், வாசிக்கிறவர்களே தங்கள் பதிவை நேராக விற்கிற இணையதளம். டிஜிட்டல் விற்பனையில் அவர்கள் 15 சதவீதம் எடுத்துக்கொள்வார்கள். ஆல்பம் 8 டாலர் என்றால், பணம் செலுத்தும் கட்டணமும் போக 6 டாலருக்குக் கொஞ்சம் மேலே நிற்கும். விரும்புகிறவர்கள் கூடப் போட்டுக் கொடுக்கலாம் என்ற வசதியும் உண்டு. ஒருத்தர் கோயிலுக்கென்று 50 டாலர் போட்டார், அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே வரலை. எம்பி3 அங்கே ஏறாது, வேவ் அல்லது ஃபிளாக் கோப்பு வேண்டும். காசு பேபால் வழியாக நம் பேங்க் கணக்குக்கு வரும்.

உள்ளூருக்கு வாட்ஸ்அப்பும் யூபிஐயும் போதும். தவில் பெட்டி மேலேயே கியூஆர் ஒட்டியிருக்கிறேன். 250 ரூபாய் அனுப்பினால் மகள் இணைப்பு அனுப்புவாள். இடையில் கமிஷன் பிடிக்க ஆளில்லை. வைகாசி, ஆவணி முகூர்த்தங்களில்தான் விற்பனை. கிருஹப்பிரவேசக்காரர்கள், மண்டபம் நடத்துகிறவர்கள், மேளம் இல்லாத சின்னக் கோயில் குருக்கள்மார்தான் வாங்குகிறார்கள். நாலு வருஷத்தில் 340 பேர். அதாவது 85,000 ரூபாய், உரிமை இன்னும் எங்ககிட்டேயே இருக்கிறது.

ஸ்ட்ரீமிங்கை ஒதுக்க வேண்டாம், ஆள் தெரியட்டும். இரண்டு உருப்படி மட்டும் ஏற்றுங்கள். நம் பாட்டை அங்கே ஏற்றித் தருகிற விநியோகஸ்தர் வருஷச் சந்தா வாங்குகிறவர் என்றால், சந்தா நின்றதும் பாட்டு இறங்கிவிடுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். சிடி பேபி என்ற விநியோகக் கம்பெனி ஒரே தடவைதான் கட்டணம் வாங்கும், ஆனால் வருகிறதில் 9 சதவீதம் பிடிக்கும்.

பாரி, யாழ்ப்பாணம்

அண்ணை எழுதினதை முழுக்க வாசிச்சன். எங்கட பக்கத்திலும் நாயனம் இருக்கு, கேட்கிற சனமும் இருக்கு. ஆனா இலங்கையில பேபாலால காசு அனுப்பலாம், வாங்க ஏலாது. அதால பேண்ட்கேம்ப் எங்களுக்குச் சரிவராது. கனடாவில இருக்கிற தங்கச்சி தன்ர பேரில கணக்கு வச்சு எங்கட பதிவை விக்கிறா, மாசக் கடைசியில அனுப்பி விடுவா. அங்கத்தைய கோயில் திருவிழாக் காலத்தில நல்லாப் போகுது. தம்பி, உங்களுக்கு நேரா வாங்கிற வழி இருக்கு. அதை விட்டிடாதேங்கோ.

சீவாளி

இடந்தலை அண்ணே, நேற்று ராத்திரி உங்க பதிலைச் செட்டுக்கு முழுசாகப் படித்துக் காட்டினேன். கெட்டிமேளம் வரியில் எங்க தவில்காரர் எழுந்து வெளியே போய்விட்டார். திரும்பி வந்து, “தாளை எடு, பங்கு எழுதலாம்” என்றார். கம்பெனிக்கு இன்று போன் செய்தேன். மூன்று வருடம், இந்தியா மட்டும், நாங்களும் விற்போம், இப்படி என்றால் பேசலாம் என்றேன். யோசித்துச் சொல்கிறேன் என்றார்கள்.

மெட்டுக்காரன் அண்ணே, நீங்கள் சொன்ன கணக்கும் உண்மைதான், அதனால்தான் ஸ்ட்ரீமிங்கில் மல்லாரியும் தேவாரமும் மட்டும்.

ஒரு சந்தேகம். ஆறாவது உருப்படி 14 நிமிடத் தவில் தனி. அதில் நாயனமே இல்லை. அதற்குப் பங்கு எப்படிப் போடுவது?

இடந்தலை

அந்த 14 நிமிஷத்துக்கு இரண்டு தவிலுக்கும் சமமாகப் போடுங்கள், தாளத்துக்குத் தனியாக ஒரு பங்கு. நாயனத்துக்கு அதில் வேண்டாம். எழுதும்போது அந்த உருப்படிக்கென்று தனி வரி போட்டு, இரண்டு தவில்காரர் பெயரையும் முழுசாக எழுதுங்கள். பேண்ட்கேம்பிலும் அதே மாதிரி பெயர் போடுங்கள். என் கேசட் அட்டையில் ‘குழுவினர்’ என்றுதான் இருந்தது.