புதுப்பிப்பு: ஹனோவர் அறை மாடலின் சுவர் இப்போது நிறம் மாறுகிறது

ரஷ்யக் கலைஞர் எல் லிஸ்ஸிட்ஸ்கி 1927-28இல் ஜெர்மனியின் ஹனோவர் அருங்காட்சியகத்தில் அரூப ஓவியங்களுக்காக அமைத்த ‘அரூப அறை’யை 1:20 அளவில் அட்டையில் செய்கிறேன், சுவர் நிறம் மாற மாட்டேன் என்கிறது என்று போன மாதம் புலம்பியிருந்தேன்.

அந்த அறையின் வித்தை இதுதான்: சாம்பல் சுவரில் செங்குத்தாக மெல்லிய பட்டைகள், ஒவ்வொன்றிலும் ஒரு பக்கம் வெள்ளை, மறுபக்கம் கறுப்பு. பார்ப்பவர் நடக்க நடக்கச் சுவர் மாறும்.

தப்பு என்னுடையதுதான். பட்டை 2 மி.மீ. துருத்த, இடைவெளி 6 மி.மீ. விட்டிருந்தேன். 45 டிகிரியில் பார்த்தால் பட்டை தன் துருத்தல் அளவுக்குத்தான் பின்சுவரை மறைக்கும். மிச்ச 4 மி.மீ. சாம்பல் பல்லிளித்தது. இடைவெளியையும் 2 மி.மீ. ஆக்கினேன். ஒரு சுவருக்கே நூற்றுக்கு மேல் பட்டைகள்! பசை ஈரத்தில் முதல் பத்தும் அப்பளம் மாதிரி வளைந்துவிட்டன.

ஒட்டி முடித்து மேலிருந்து பார்த்தால் ஒன்றுமே தெரியவில்லை. அப்புறம் கைபேசி லென்ஸை 8 செ.மீ. உயரத்தில், அதாவது உள்ளே நிற்பவரின் கண் மட்டத்தில் வைத்து நகர்த்தினேன். வெள்ளை, சாம்பல், கறுப்பு. நாலு தடவை திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தேன்.

அசல் அறை இன்னும் இருக்கிறதா என்று கேட்டிருந்தார்கள். இல்லை, 1930களில் நாஜிக்கள் அழித்துவிட்டார்கள். 1968இல் மறுபடி கட்டினார்கள்; இப்போது அதே ஊரின் ஸ்ப்ரெங்கெல் அருங்காட்சியகத்தில் இருப்பது 2017இல் புதிதாகச் செய்த மறுஆக்கம்.

அசல் அறையில் இருந்த, பார்வையாளரே தள்ளி ஓவியத்தை மறைக்கும் நகரும் பலகைகள் பாக்கி. அவை நகரும் தண்டவாளத்துக்கு ஊதுபத்திக் குச்சி சரிவருமா, பார்க்கிறேன்.